முதல் குறும்படத்துக்கு எதைப் பிடித்துக்கொள்வது: நிறமா, ஒளியா, லென்ஸா, பொருளா?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து முதல் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களிடம் இரண்டு விஷயங்கள் பொதுவாக இருக்கும். கையில் காசு இருக்காது. ‘பார்த்தவுடனே இது இன்னார் எடுத்தது என்று தெரிய வேண்டும்’ என்ற ஆசை மட்டும் வேண்டிய அளவு இருக்கும். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை நிறைவேற்றப் பலரும் செய்வது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான். ட்ரோன் ஷாட், மெதுவாக நகரும் கேமரா, ஆரஞ்சும் நீலமும் கலந்த வண்ணத் திருத்தம், கண்ணாடியில் தெரியும் முகம் என்று எல்லாம் ஒரே பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். முடிவில் அது யார் எடுத்த படம் என்று எடுத்தவருக்கே சந்தேகம் வரும்.

பாணி என்பது ஏதோ ஒன்றை விடாப்பிடியாக மாற்றாமல் வைத்திருப்பதால் வருகிறது என்பது என் கட்சி. எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: நிறத்தைப் பிடித்துக்கொள்ளலாம், ஒளியை, லென்ஸை, அல்லது படத்துக்குள் வரும் பொருள்களை. நான்கையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பெரிய படங்களால் முடியும். நமக்கு முதலில் ஒன்றுதான்.

பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் நன்றாகத்தான் தோன்றும். அதனால் ஒரு காட்சியை வைத்துக்கொண்டு நான்கையும் அதில் போட்டுப் பார்க்கலாம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. மகன் நாளை விடியற்காலை திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறான். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், அம்மா பரிமாறுகிறாள். அப்பா வெளியே திண்ணையில் இருக்கிறார், உள்ளே வரவில்லை. வசனம் நாலைந்து வரிதான். இந்த வட்டாரத்தில் வாரம் ஒரு தெருவிலாவது நடக்கிற காட்சி இது. புதுமையான கதை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே இதை எப்படிக் காட்டுகிறோம் என்பதுதான் எல்லாம்.

நான்கில் சேராத ஐந்தாவது வழி ஒன்று உண்டு. பிடித்த படங்களிலிருந்து ஸ்டில்களைச் சேகரித்து ஒட்டி வைத்துக்கொண்டு அதைப் போலவே எடுப்பது. பயிற்சிக்கு இது நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொருவர் எதையோ பிடித்துக்கொண்டதன் விளைவைத்தான் நீங்கள் ஸ்டில்லில் பார்க்கிறீர்கள். எதைப் பிடித்துக்கொண்டார் என்று ஸ்டில் சொல்லாது.

நிறத்தைப் பிடித்துக்கொண்டால்

புதிதாக வருகிறவர்கள் முதலில் போகும் இடம் இதுதான். காரணம் எளிது. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே வண்ணத் திருத்தம் ஓரளவு முழுமையாகச் செய்யலாம். செலவு இல்லை, படப்பிடிப்பு முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து செய்யலாம், தவறானால் திரும்பவும் செய்யலாம்.

டெல்டாவில் இந்த வழிக்கு ஒரு பெரிய எதிரி இருக்கிறது: வயல். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும். அதற்கு முன் ஊர் முழுவதும் மண் நிறம். குறுவை நட்டுவிட்டால் நாற்றுக்கு நடுவே வானம் தெரியும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாவின் அடர்பச்சையும் அதற்கு மேல் சாம்பல் வானமும். தை மாதம் பொன். அறுவடைக்குப் பிறகு தாளடிக் கட்டையும் அதற்கு ஊடே உளுந்து முளைத்த மங்கல் பச்சையும். இதில் கார்த்திகையில் பாதி, மாசியில் மீதி என்று எடுத்துவிட்டு எந்தத் திருத்தத்தாலும் ஒட்டவைக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் வயலை மட்டும் பார்க்கிறார்கள். பச்சையைப் பழுப்பாக்கினால் அதே சட்டகத்தில் இருக்கிற வாழையும் சேலையும் முகத்தின் நிழல் பக்கமும் கூடவே சாகும்.

முகம் என்றதும் இன்னொன்று. இணையத்தில் கிடைக்கிற தயார் நிலை வண்ண அமைப்புகள் பெரும்பாலும் வெளுத்த தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் ஊர்க் கறுப்பு, மாநிறத் தோலின்மீது அவற்றைப் போட்டால் நெற்றி ஆரஞ்சாகவும் கன்னம் சேறாகவும் ஆகிறது. சிங்கப்பூர் காட்சியில் அம்மாவின் முகம்தான் எல்லாம். அதைச் சேறாக்கிவிட்டுச் சுவரின் நீலத்தை ரசிக்க வைத்துப் பயன் இல்லை.

அடுத்து, நம் வீடுகளின் சுவர்கள். கூடத்துச் சுவர் கிளிப்பச்சை, அறை ஊதா, வாசல் ரோஸ் என்பது இப்போது சாதாரணம். நீங்கள் மங்கலான மண் நிறங்களில் படம் எடுக்கத் தீர்மானித்திருந்தால் ஒன்று சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும், அல்லது வேறு வீடு தேட வேண்டும், இல்லையென்றால் கணினியில் அந்தக் கிளிப்பச்சையைக் கொல்ல வேண்டும். முதல் இரண்டும் கலை இயக்கம், அதாவது சட்டகத்துக்குள் எந்த இடம், எந்தப் பொருள் வரும் என்று தீர்மானிக்கிற வேலை. மூன்றாவது பொய். ஆக, நிறத்தை உண்மையாகப் பிடித்துக்கொள்ள நினைக்கிறவர் கடைசியில் பொருளிடம்தான் வந்து நிற்கிறார். ஜப்பானிய இயக்குநர் ஓசு, 1958-இல் எடுத்த தம் முதல் வண்ணப் படத்தில் ஒரு சிவப்புக் கெட்டிலைக் காட்சிக்குக் காட்சி இடம் மாற்றி வைத்தார். சிவப்பு நன்றாக விழுகிறது என்பதற்காக ஆக்ஃபா பிலிமைத் தேர்ந்தெடுத்தவர் அவர். நிறம் அவருக்குத் திருத்தத்தில் வந்து சேர்ந்த பூச்சு இல்லை, தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாத்திரம்.

டெல்டாக்காரர்களுக்கென்றே ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது: ‘தஞ்சாவூர் ஓவியத்தின் நிறங்களில் படம்’. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஓவியத்தின் சிவப்பும் பச்சையும் தங்கத் தகட்டின் பளபளப்போடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன. பலகைமேல் துணி ஒட்டி, மக்கு என்கிற பசைக் கலவையை வைத்துப் புடைப்பாக்கி, அதன்மேல் தகடு ஒட்டுகிறார்கள். விளக்கு வெளிச்சம் அந்தப் புடைப்பில் பட்டுத் தெறிக்கிறது. தட்டையான திரையில் தங்கம் என்பது வெறும் மஞ்சள். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்ன சோழர் கால ஓவியங்கள் இன்னும் நல்ல ஆசிரியர். நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தவை அவை. அந்தப் பாதைக்குப் பொதுமக்களைப் பொதுவாக விடுவதில்லை. அச்சுப் படங்களில் பார்த்துக்கொள்ளலாம். காவி, மஞ்சள் மண், சுண்ணாம்பு வெள்ளை, கரி என்று கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சில நிறங்களை வைத்தே அத்தனை உடல்களையும் எழுப்பியிருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரித் துணி ஓவியமும் அப்படித்தான். செடியும் பட்டையும் கொடுத்த சிவப்பு, கறுப்பு, துணியின் பழுப்பு. இவர்கள் யாரும் உட்கார்ந்து வண்ணத் தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தொடங்கியவர்களாகத் தெரியவில்லை. கையில் கிடைத்த பொருள் அந்த வேலையைச் செய்திருக்கிறது.

நிற வழியை யாருக்குச் சொல்வேன்? பாட்டுக் காணொளி, நகைக்கடை விளம்பரம், திருமணப் படம் எடுக்கிறவர்களுக்கு. அங்கே நேரமும் இடமும் அடுத்தவர் கையில் இருக்கும், உங்கள் கையில் மிஞ்சுவது திருத்தம் மட்டும்தான். கதை சொல்கிற முதல் படத்துக்கு இதைக் கடைசியில் வைக்கிறேன்.

ஒளியைப் பிடித்துக்கொண்டால்

‘விளக்கே வைக்க மாட்டேன், இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுப்பேன்’ என்பது தமிழில் மதிப்புக்குரிய மரபு. பாலு மகேந்திராவுக்குப் பிறகு அதைச் சொல்ல யாரும் வெட்கப்படத் தேவையில்லை. கருவிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. நாள்தான் செலவாகும்.

ஆனால் எந்த வெளிச்சம் இங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் சரிந்து போவதில்லை, விழுகிறது. மறைந்து இருபது நிமிடம் கடந்தால் இருட்டு. ஐரோப்பியர்கள் எடுத்த பயிற்சிக் காணொளிகளில் சொல்லப்படும் நீண்ட பொன்மாலையை நம்பிக் காட்சி திட்டமிட்டால், இரண்டாவது ஷாட்டுக்குக் கேமராவை மாற்றி வைப்பதற்குள் வெளிச்சம் போயிருக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். முகத்தில் கண் இருக்கும் இடம் இரண்டு குழி. மென்மையான ஒளி வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை மேகத்தை நம்ப வேண்டும். அந்த மேகம் மழையையும் கொண்டு வரும், சில ஆண்டு புயலையும்.

வீட்டுக்குள் போனால் கதை வேறு. முற்றம் இருக்கிற வீட்டில் வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. இறங்கிய வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்புகிறது. தரை சிவப்பு சிமெண்டாக இருந்தால் முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவரின் தாடையிலும் மூக்கின் அடியிலும் மெல்லிய செம்மை ஏறும். வெள்ளை டைல்ஸ் போட்டுவிட்ட வீட்டில் அதே முகம் மருத்துவமனையில் இருப்பது போல ஆகிவிடும். காசியில் தொடங்கும் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டினார். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைத் துணியின்மீது அடித்து, திரும்பி வந்த ஒளியில் எடுத்தார். வானம் தெரிகிற முற்றத்தின் நிழலில்லாத வெளிச்சம் அப்படிக் கிடைத்தது. உலகமே பாராட்டிய அந்த உத்தி இரண்டு பேருடையது: சுவரைக் கட்டியவரும் துணியைக் கட்டியவரும் சேர்ந்து செய்தது. ஒளியை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூர் காட்சிக்கு வருவோம். இயல்பொளியில் மட்டும்தான் எடுப்பேன் என்றால் இரவுச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். மதியச் சாப்பாடாக மாற்றுங்கள். கதைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. பதினொரு மணிக்குப் பிறகு முற்றத்து ஒளியில் அம்மாவும் மகனும், தெருவின் வெயிலுக்கு எதிரே கறுத்த உருவமாக அப்பா. நன்றாகவே இருக்கும். இரவுதான் வேண்டும் என்று நின்றால் எல்இடி குழல்விளக்கு ஒன்றுதான் துணை. அப்போது விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல செல்போன்கள் வழக்கமாக எடுக்கும் 30-இல் விட்டால் பல விளக்குகள் திரையில் துடிக்கும். வெண்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பூட்டிவிடுங்கள். அம்மா குனிந்து நிமிர்வதற்குள் செல்போன் நிறத்தை மாற்றிவிடும்.

இந்த வழி உள்ளூர் நடிகர்களை வைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஊரிலேயே இருந்து, மேகம் வந்தால் எடுத்து வெயில் வந்தால் நிறுத்துகிறவர்களுக்கு. சென்னையிலிருந்து இரண்டு நாளுக்கு நடிகரை வரவழைத்திருக்கிறீர்கள் என்றால் ஒளி உங்களை ஏமாற்றும். அந்த இரண்டு நாளும் சித்திரை வெயிலாக இருக்கும்.

லென்ஸைப் பிடித்துக்கொண்டால்

நான்கில் மிக மலிவானது இதுதான், சட்டென்று பலன் தருவதும் இதுதான். ஒரு லென்ஸ், கேமராவுக்கு ஓர் உயரம், அதை மாற்றுவதில்லை என்ற விதி. ஓசு தம் பிற்காலப் படங்களை ஏறக்குறைய முழுவதும் 50 மி.மீ. லென்ஸிலும் தரையை ஒட்டிய கேமரா நிலையிலும் எடுத்தார். அவருடைய மனிதர்கள் தரையில் உட்கார்கிறவர்கள் என்பதால் அந்த உயரம் இயல்பாகப் பொருந்தியது. கூடத்தில் சம்மணமிட்டுச் சாப்பிடும் மகனுக்கும் அந்த உயரம் பொருந்தும். இன்னொருவரிடம் கடன் வாங்குவதென்றால் இப்படிக் காரணத்தோடு வாங்கலாம்.

நம் வட்டாரத்து வீட்டின் அமைப்பே இந்த வழிக்குத் தோள் கொடுக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோடு. கூடத்தின் உட்பக்கத்தில் கேமராவைத் தாழ வைத்து வாசலைப் பார்த்தால் மகன் அருகில், அம்மா நடுவில், ரேழியின் இருட்டுக்கு அப்பால் திண்ணையில் அப்பாவின் முதுகு. மூவரும் ஒரே சட்டகத்தில், மூன்று ஆழத்தில். வெட்டிக் காட்டத் தேவையே இல்லை. நாற்பது வினாடி அப்படியே ஓடவிட்டால் போதும். செல்போனில் எடுப்பவர்களும் இதைச் செய்யலாம்; பிரதான லென்ஸ் ஒன்றை மட்டும் பயன்படுத்துவது, ஜூம் கிடையாது என்று முடிவெடுத்தால் போதும். அகலமான லென்ஸ் என்பதால் அருகே போக வேண்டியிருக்கும். அருகே போவதும் ஒரு பாணிதான்.

வெளியே வந்தால் சமவெளி. டெல்டாவில் எங்கே கேமரா வைத்தாலும் தொடுவானம் ஒரு நேர்க்கோடாகச் சட்டகத்தை வெட்டும். மலை கிடையாது, மேடு கிடையாது. அந்தக் கோட்டை எங்கே வைப்பது என்று ஒரு தடவை தீர்மானித்துவிட்டால் வெளிப்புறக் காட்சிகளில் பாதிப் பாணி முடிந்தது. மேலே ஏற்றினால் மண்ணும் தண்ணீரும் பேசும். கீழே இறக்கினால் வானமும், கோட்டிலிருந்து எழும் சில செங்குத்துகளும்: பனை, கோபுரம், மின்கம்பம், செல்போன் கோபுரம்.

குறை என்ன? சட்டகம் எங்கே நிற்கிறது என்பதை லென்ஸ் தீர்மானிக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிக்காது. அந்த நாற்பது வினாடியில் பார்வையாளரின் கண் முதுகுக்குப் போகும் வழியில் நீல பிளாஸ்டிக் நாற்காலி, வங்கிக் காலண்டர், சுவரில் தொங்கும் சார்ஜர் என்று ஒவ்வொன்றிலும் நின்று போகும். அவை அங்கே ஏன் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

பொருளைப் பிடித்துக்கொண்டால்

என் வாக்கு இதற்குத்தான். கலை இயக்கம் என்றால் பெரிய பட்ஜெட், செட், தச்சர் என்று நினைத்து முதல் படத்தில் எல்லாரும் ஒதுக்கிவிடும் வழியும் இதுதான்.

செட் என்பது ஓர் உச்சம், மறுக்கவில்லை. ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தோட்டா தரணி மும்பைத் தாராவியைச் சென்னையில் கட்டினார். தேசிய விருதும் வந்தது. சுவரைக் கழற்றிக் கேமராவை நுழைக்கலாம், மழையை நாமே பெய்விக்கலாம். முதல் குறும்படத்துக்கு அது நினைக்கவும் முடியாத செலவு. மறுபக்கம், இருக்கிற கோயிலையும் கோட்டையையும் இலவசச் செட்டாக நினைக்கிறவர்கள் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களிலும் கேட்காமல் எடுக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் பெரிய கோயில் உங்கள் சட்டகத்தில் வந்தால் அது ராஜராஜனின் பாணி, உங்களுடையது ஆகாது.

நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆள் குடியிருக்கிற ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைப்பது.

முதலில் காலம். நம் வீடுகளில் அரசாங்கமே தேதி முத்திரை குத்திவைத்திருக்கிறது. இலவச வண்ணத் தொலைக்காட்சி 2006-இல் தொடங்கியது. மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் 2011-இல். முத்திரையோடு கூடிய அந்த மேசை விசிறி காட்சியில் இருந்தால் கதை 2011-க்கு முன் நடக்க முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கூரைமேல் நீலத் தார்ப்பாய் ஏறியது. தென்னந்தோப்புகளில் இடைவெளி விழுந்தது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளியில் நேர்ந்த தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் எடுக்கப்பட்டன. அதற்குப் பின் நடக்கிற கதையில் ‘அழகாக இருக்கிறது’ என்று பள்ளிக்கு ஓலை வேய்ந்துவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் அந்தச் சட்டகத்தை மன்னிக்க மாட்டார்கள்.

அடுத்து, எதிலிருந்து விலகி நிற்பது. ‘காவிரிக்கரை வீடு’ என்றவுடன் எல்லாரும் ஊஞ்சல், பித்தளைச் செம்பு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தலையாட்டி பொம்மை என்று அடுக்கிவிடுகிறார்கள். நட்சத்திர ஓட்டலின் வரவேற்பறை போல ஆகிவிடுகிறது. அந்தப் பொருள்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இன்றைக்குப் படுகையின் சாதாரண வீட்டில் புழங்குவது வேறு: பிளாஸ்டிக் குடம், நைலான் கயிறு, உரச் சாக்கைப் பிரித்துத் தைத்த படுதா, நீலத் தார்ப்பாய், எவர்சில்வர், ரேஷன் பை. இவற்றை அசிங்கம் என்று ஒதுக்காமல், இவைதான் என் படங்களின் பொருள்கள் என்று ஒருவர் துணிந்து பிடித்துக்கொள்ளலாம். இந்த வட்டாரத்திலிருந்து அப்படி ஒரு படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. உரச் சாக்கின் வெள்ளை வெயிலில் எப்படிக் கூசுகிறது, அதன் வழியாக வரும் ஒளி எப்படிப் பால் போல ஆகிறது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் ஒளிவடிகட்டித் துணிக்கு அது இளைத்தது இல்லை.

சிங்கப்பூர் காட்சியில் இந்த வழி என்ன செய்யும் என்று பார்ப்போம். முதல் கேள்வியே சோறு எதில் என்பது. தட்டா, இலையா? தினசரி எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறவனுக்கு இன்று அம்மா இலை போட்டிருந்தால் அவள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. இலை போட்டும் தண்ணீருக்கு அதே நசுங்கிய டம்ளர் என்றால் அவளுக்கு வேறு ஒரு குணம் வந்துவிடுகிறது. கூடத்து மூலையில் பெட்டி. பக்கத்தில் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு. எடை கூடியதால் வெளியே எடுத்து வைக்கப்பட்ட ஊறுகாய்ப் பாட்டில். பரண்மேல் இன்னொரு பெட்டி, பழையது, விமான நிறுவனத்தின் சீட்டு இன்னும் கைப்பிடியில் சுற்றியபடி. திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் பாதி தீர்ந்த கோடாலித் தைலம். போய்விட்டுத் திரும்பியவர் அவர் என்று யாரும் சொல்லவில்லை; தெரிந்துவிட்டது. உள்ளே வராததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மற்ற மூன்று வழிகளும் எழுதிய காட்சியை நன்றாகக் காட்டின. இது மட்டும் காட்சியைத் திருத்தி எழுதியது.

நிறமும் ஒளியும் இதற்குப் பின்னால் தாமாக நடந்து வருகின்றன. சிவப்புத் தரை வீட்டைத் தேர்ந்தெடுத்தால் முகத்தில் செம்மை வருகிறது. நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவரை விட்டு வைத்தால் நிழல்கள் குளிர்கின்றன. தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் உச்சி வெயிலும் நீலமாகிறது. திருத்தத்தில் உட்காரும்போது செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான் மிஞ்சும்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. எவர்சில்வர் எல்லாவற்றையும் பிரதிபலிக்கும். குழம்புக் கிண்ணத்தில் கேமராவும் நீங்களும் தெரிவீர்கள். சோப்பை லேசாகத் தேய்த்துத் துடைத்தால் பளபளப்பு மங்கும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைக்கும் துலக்காததற்கும் திரையில் பத்து வருட வித்தியாசம் தெரியும், ஆகவே எது என்று முன்பே முடிவு செய்யுங்கள். புதுப் பொருளைப் பழசாக்குவது நினைப்பதைவிடக் கடினம். பாலிதீன் வாசனை போகாத புதுக் குடத்தை எவ்வளவு தேய்த்தாலும் புதுக் குடமாகவே இருக்கும். பக்கத்து வீட்டில் உங்கள் புதுக் குடத்தைக் கொடுத்து அவர்களுடைய பழையதை வாங்கிக்கொள்ளுங்கள், இருவருக்கும் லாபம். வீட்டுக்காரர் பொருளை நகர்த்தும் முன் இருந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாலையில் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். குறிப்பாகச் சாமி அலமாரி. அதில் கை வைத்துவிட்டு அடுத்த நாள் அந்தத் தெருவில் கேமராவைத் திறக்க முடியாமல் போன குழுக்கள் உண்டு.

ஆக என் வரிசை

பொருள், அடுத்து லென்ஸ், பிறகு ஒளி, கடைசியில் நிறம். இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நீங்களே ஒளிப்பதிவாளராகவும் இருந்து, ஊரில் தங்க நேரமும் இருந்தால் ஒளியை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். உதவிக்கு ஆளே இல்லாமல் செல்போனோடு தனியாக இருப்பவர் லென்ஸில் தொடங்கட்டும். பொருளைத் தேடவும் தூக்கவும் குறைந்தது இன்னொரு ஆள் வேண்டும். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி மாணவர் யாராவது நண்பராக இருந்தால் அவரைக் குழுவில் சேர்ப்பது, கூடுதலாக ஒரு லென்ஸ் வாடகைக்கு எடுப்பதைவிடப் பலன் தரும்.

தீர்மானிக்க முடியவில்லை என்றால் படம் எடுப்பதற்கு முன்னால் புகைப்படம் எடுத்துப் பாருங்கள். அதே வீடு, அதே ஆட்கள், நான்கு வழிக்கும் கொஞ்சம் கொஞ்சம் படங்கள். பிறகு கதை தெரியாத ஒருவரிடம், சினிமாக்காரர் அல்லாத ஒருவரிடம், காட்டி இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்; நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பொருள் வழியில் இறங்குகிறவர்களுக்கு மாதக் கணக்கு ஒன்று உண்டு. பொங்கலுக்கு முன் வீடுகளுக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்துவிடுவார்கள். கரி படிந்த அடுப்பங்கரைச் சுவரும் எண்ணெய்க் கறை ஏறிய தூணும் வேண்டுமென்றால் மார்கழி பாதிக்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். தேவைப்படும் பழைய பொருள்களை அக்கம்பக்கத்தில் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். போகியன்று விடியற்காலையில் பாய், முறம், கூடை என்று பாதி எரிந்துவிடும், மீதி பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிவிடும். பரண்மேல் பெட்டியும் அதோடு போய்விடலாம்.